துணியே கோயில்

"எங்கள் ஊரில் நடந்த கைத்தொழில் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு கடையில் சிவப்பும் கறுப்புமாக ஒரு பெரிய துணி தொங்கியது. நடுவில் ஓர் அம்மன். அம்மனுக்கு வாகனம் சேவல்! பக்கத்துத் துணியில் முதலையின் மேல் ஓர் அம்மன். இன்னொன்றில் கறுப்பு ஆட்டுக்கடாவின் மேல். சேவல் முருகனுடைய கொடியில் அல்லவா இருக்கும்? இவையெல்லாம் நிஜமான தெய்வங்கள்தாமா, அல்லது துணிக்கடைக்காரர் கிளப்பிவிட்ட புது மோஸ்தரா? வாங்கி வீட்டில் மாட்டலாமா?" என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார்.

நிஜமான தெய்வங்கள்தாம், தாராளமாக மாட்டலாம். இப்படி ஒரே வரியில் பதிலை முடித்துவிடலாம். ஆனால் அந்தத் துணியின் கதை ஒரு வரியில் அடங்குகிற கதை அல்ல.

அதன் பெயர் 'மாதா நி பச்சேடி'. அவசரத்தில் 'பச்சடி' என்று படித்துவிடாதீர்கள்! குஜராத்தி மொழியில் அம்மனுக்குப் பின்னால் தொங்கவிடும் துணி என்று பொருள் சொல்கிறார்கள். குஜராத்தில், முக்கியமாக ஆமதாபாத் நகரில், சபர்மதி நதிக்கரையை ஒட்டி வாழ்ந்த சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்தத் துணிகளை எழுதி வருகின்றன. இந்த வேலை செய்பவர்களுக்குச் 'சித்தாரா' என்று பெயர். சித்திரம் எழுதுகிறவர்கள் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

அம்மனைக் கல்லிலும் செம்பிலும் வடித்துக் கோயிலில் வைப்பதுதானே வழக்கம், துணியில் ஏன் எழுதினார்கள் என்று கேட்பீர்கள். அவர்களைக் கோயிலுக்குள் விடவில்லை. அதுதான் காரணம்.

இந்தத் துணிகளை எழுதியவர்களும், எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு போனவர்களும் பெரும்பாலும் வாகரி என்ற சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அந்தப் பெயரையே ஊரார் ஏளனமாகச் சொல்லிச் சொல்லிக் கெடுத்துவிட்டபடியால், இப்போது தங்களைத் 'தேவிபூஜக்', அதாவது தேவியைப் பூஜிப்பவர்கள், என்று அழைத்துக்கொள்கிறார்கள். ஊர் ஊராக அலைந்து பிழைத்த ஏழை ஜனங்கள். பல் துலக்கும் குச்சி விற்பார்கள், காய்கறி விற்பார்கள். இந்தச் சமூகத்துப் பெண்களுக்கு இன்னொரு தொழிலும் உண்டு. தலையில் பாத்திரக் கூடையோடு வீடு வீடாகப் போய்ப் பழைய துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பது! டில்லியிலும் ஆமதாபாத்திலும் பழந்துணி வியாபாரத்தில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஊரிலும் அப்படி ஒரு வியாபாரம் உண்டல்லவா? இரண்டு பட்டுப் புடவையும் நாலு வேஷ்டியும் கொடுத்துவிட்டு, "இந்த டம்ளரோடு ஒரு கரண்டியும் சேர்த்துக் கொடு" என்று வாசலில் அரை மணி பேரம் பேசாத வீடு எது? வாசலோடு நிறுத்திப் பேசும் அந்த மாதிரிப் பெண்களின் அம்மன்தான் அந்தத் துணியில் இருப்பவள்.

கோயிலுக்குள் போக முடியாதவர்கள் கோயிலைத் தாங்களே செய்துகொண்டார்கள். நாலு பக்கமும் துணியைத் தொங்கவிட்டால் சுவர் ஆயிற்று. மேலே 'சந்தர்வோ' என்ற சதுரத் துணியைக் கட்டினால் விமானம் ஆயிற்று. நடுவில் அம்மனை எழுந்தருளச் செய்து, பூசாரி வந்து ஆவேசம் கொண்டு ஆடினால் கர்ப்பக்கிருஹத்துக்கு என்ன குறை? பூஜை முடிந்ததும் கோயிலை மடித்து மூட்டையில் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடலாம். குழந்தை பிறந்தால், நோய் தீர்ந்தால், "உனக்கு ஒரு பச்சேடி எழுதி வைக்கிறேன் தாயே" என்று வேண்டிக்கொள்வது அங்கே வழக்கம். நாம் புடவை சாத்துகிறோம். அவர்கள் கோயிலையே சாத்தினார்கள்.

எழுதும் முறையை நான் படித்தபோது, நம்முடைய அடுப்பங்கரை அலமாரியை யாரோ திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. கடுக்காய், வெல்லம், புளியங்கொட்டை, படிகாரம், மூலையில் கிடக்கும் துருப்பிடித்த இரும்பு. இவ்வளவுதான் சாமான்.

முதலில் பருத்தித் துணியை இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டுக் கஞ்சியைப் போக்குகிறார்கள். பிறகு கடுக்காய்ப் பொடி கரைத்த நீரில் தோய்த்து உலர்த்துகிறார்கள். துணி இளமஞ்சளாகிறது. இதற்கிடையில் ஒரு பானையில் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாட்கணக்கில் புளிக்க வைத்திருப்பார்கள். அந்த நீரோடு புளியங்கொட்டை மாவு சேர்த்துக் கூழாகக் காய்ச்சி, சீவிய மூங்கில் குச்சியால் தொட்டுத் துணியில் கோடு போட்டால், கடுக்காயும் இரும்பும் சந்திக்கிற இடத்தில் கன்னங்கரேலென்று கறுப்பு பிடித்துக்கொள்கிறது. பழைய நாளில் நம் பெரியவர்கள் கடுக்காய் மை காய்ச்சியதும் இதே வித்தைதான்.

சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகாரக் கூழைப் பூசுகிறார்கள். படிகாரத்தில் ஏது சிவப்பு? அங்கேதான் வேடிக்கை. பூசி உலர்ந்த துணியை ஆற்றுக்குக் கொண்டுபோய் ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும். ஓடுகிற தண்ணீர் என்பது முக்கியம். குட்டையிலோ தொட்டியிலோ அலசினால், மிஞ்சிய கூழ் கரைந்து துணியின் வெள்ளைப் பகுதியில் ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அலசிய துணியைப் பெரிய செப்பு அண்டாவில், சாயமும் 'தாவடி' என்ற காட்டுப் பூவும் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். படிகாரம் பட்ட இடமெல்லாம் அப்போதுதான் குங்குமமாகச் சிவக்கிறது. படிகாரம் படாத இடத்தில் சாயம் நிற்பதில்லை. அலசி வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். முற்காலத்தில் மஞ்சிட்டி போன்ற வேர்களிலிருந்து சாயம் எடுத்தார்கள். 1868-ல் ஜெர்மனியில் இரண்டு ரசாயன நிபுணர்கள் அந்த வேரில் உள்ள 'அலிசரின்' என்ற பொருளைத் தொழிற்கூடத்திலேயே செய்து காட்டிய பிறகு, வேரைத் தோண்டும் சிரமம் போயிற்று. சோழமண்டலக் கரையில் கலம்காரித் துணி எழுதியவர்கள் சாயவேரைக் கொண்டு சிவப்பு ஏற்றியதும் இதே கணக்குத்தான்.

சிவப்பு, கறுப்பு, வெள்ளை. பழைய பச்சேடியில் வேறு நிறம் கிடையாது. நடுவில் கோயில் மண்டபம் போட்டு அதில் அம்மனைப் பெரிதாக எழுதி, சுற்றிலும் வரிசை வரிசையாகச் சூரியன், சந்திரன், பிள்ளையார், பூக்காரிகள், தாய் தந்தையரைக் காவடியில் சுமந்த சிரவணன் என்று ஓர் அங்குலம் விடாமல் நிரப்பிவிடுகிறார்கள்.

இனி வாகனங்களுக்கு வருகிறேன். முதலை மேல் இருப்பவள் கோடியார் மாதா. சௌராஷ்டிரத்தில் அவளைக் கும்பிடாத ஊர் குறைவு; பாவ்நகருக்கு அருகில் ராஜ்பராவில் பிரசித்தமான கோயிலும் இருக்கிறது. அவள் கதை இது. வல்லபி நகரத்து அரசனுக்கு மாமட் என்ற சாரணர் சிநேகிதர். சாரணர் என்றால் நம் ஊர்ப் பாணர்களைப் போலப் பாடிப் புகழும் குலத்தவர். அவர் மேல் பொறாமை கொண்டவர்கள், "பிள்ளையில்லாதவன் முகத்தில் விழிக்கலாமா?" என்று அரண்மனையில் கிளப்பிவிட்டார்கள். (இந்தப் பேச்சு பெண்களுக்கு மட்டுந்தான் என்று நினைத்திருந்தோமே!) மனம் உடைந்த அவர் சிவபெருமானை வேண்டித் தவம் கிடந்து ஏழு பெண்களையும் ஒரு பிள்ளையையும் பெற்றார். ஒரு நாள் அந்தப் பிள்ளையைப் பாம்பு கடித்துவிட்டது. பொழுது விடிவதற்குள் பாதாள லோகத்திலிருந்து அமிர்தம் கொண்டுவந்தால்தான் பிழைப்பான். கடைசிப் பெண் ஜான்பாய் ஓடினாள். அமிர்தத்தோடு திரும்பும்போது கால் இடறி அடிபட்டு நடக்க முடியாமல் போகவே, முதலையின் மேல் ஏறி வந்து சேர்ந்தாள். தம்பி பிழைத்தான். "கோடி" என்றால் அங்கே நொண்டி. கால் நொண்டிய பெண் என்பதே அவளுக்குத் தெய்வப் பெயர் ஆயிற்று.

நம் வீட்டில் ஒரு பெண்ணுக்குக் காலில் சிறு ஊனம் இருந்தால், பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாமல் எப்படி உட்கார வைக்கலாம் என்று எத்தனை யோசனை! அங்கே அந்த ஊனத்தைச் சொல்லித்தான் கைகூப்புகிறார்கள்.

சேவல் மேல் இருப்பவள் பகுசரா மாதா. மேசாணா மாவட்டத்தில் அவள் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. அவளும் சாரணர் குலத்துப் பெண். வண்டிகளோடு பிரயாணம் போகும்போது பாபியா என்ற கொள்ளைக்காரன் வழிமறித்தான். அவன் கையில் அகப்படுவதைவிட மேல் என்று, தன் மார்பைத் தானே அறுத்து எறிந்து அவனைச் சபித்துவிட்டு உயிரை விட்டாள் என்கிறது கதை. நமக்கு உடனே மதுரையும் கண்ணகியும் ஞாபகம் வரும். ஆனால் அந்தக் கதை ஊரை எரிப்பதோடு முடியவில்லை. சாபத்தால் ஆண்மை இழந்த பாபியா, பெண் உடை தரித்து அவளை வழிபட்ட பிறகே விமோசனம் பெற்றான். இன்றைக்கும் வட நாட்டுத் திருநங்கையருக்குக் குலதெய்வம் அவள்தான். பிள்ளை வரம் வேண்டும் தாய்மார்களும் அதே சன்னிதியில் வந்து நிற்கிறார்கள்.

நாயின் மேல் இருப்பவள் ஹட்காய் மாதா. வெறிநாய்க்கடிக்கு அவளை வேண்டிக்கொள்வார்கள். ஏழைத் தாய்மார் எதற்கெல்லாம் பயந்தார்களோ, அதற்கெல்லாம் ஓர் அம்மன் இருந்தாள் என்பதற்கு இவள் ஒருத்தி போதும். (வேண்டுதல் ஒரு பக்கம் இருக்கட்டும், நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு ஊசிக்கு ஓடுங்கள். 1907-லேயே குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டுவிட்ட ராஜ்யம் நம்முடையது.)

என் மனத்தை விட்டுப் போகாதவள் கறுப்பு ஆட்டுக்கடாவின் மேல் இருப்பவள். அவள் பெயர் மேல்டி. 'மேல்' என்றால் அங்கே அழுக்கு.

ஓர் அசுரனைத் தேவிமார்கள் துரத்திக்கொண்டு போனார்கள். அவன் தப்பி ஓடி, செத்துக் கிடந்த பசுவின் உடலுக்குள் புகுந்துகொண்டான். அந்தத் தீட்டான இடத்துக்குள் எப்படிப் போவது? தேவிமார்கள் தயங்கி நின்றார்கள். பிறகு தங்கள் மேனியில் இருந்த அழுக்கைத் திரட்டி ஒரு பெண் உருவம் செய்து உயிர் கொடுத்து, "நீ போ" என்று அனுப்பினார்கள். அவள் உள்ளே புகுந்து அசுரனைக் கொன்றுவிட்டு வெளியே வந்தாள். வந்தவளை, "கிட்டே வராதே, உனக்குத் தீட்டு" என்று ஒதுக்கிவிட்டார்கள். அப்படியானால் என்னை எதற்குப் படைத்தீர்கள் என்று அவள் நியாயம் கேட்டுப் போராடித் தன் இடத்தைப் பெற்றாள். ஊருக்கு ஊர் கதை சற்று மாறும். ஆனால் அழுக்கிலிருந்து பிறந்தவள், அழுக்கான வேலையைச் செய்தவள், செய்ததற்காகவே ஒதுக்கப்பட்டவள் என்பது மாறாது.

கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட ஜனங்கள் ஏன் இந்த அம்மனை இவ்வளவு ஆசையோடு எழுதினார்கள் என்று யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டில் பிரசவத்துக்குத் துணி அலசுகிறவள், நோயாளிக்குக் கிண்ணம் ஏந்துகிறவள், குழந்தைக்குக் கால் கழுவிவிடுகிறவள் யார் என்று எண்ணிப் பார்த்தால், மேல்டியின் கதை வாகரிகளோடு நிற்கவில்லை என்பதும் தெரியும்.

தாய்த் தெய்வத்தைச் சித்திரிப்பது குஜராத்துக்குப் புதிதல்ல. வடக்கே ஷாம்லாஜி என்ற இடத்தில் கிடைத்த மாதர் சிலைகள் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சப்த மாதர்கள் என்று நாம் சொல்கிற வரிசையைச் சேர்ந்தவர்கள். மிக அழகானவை, இடுப்பில் குழந்தையை ஏந்திய தாய்மார்களும் அவற்றில் உண்டு. பச்சேடியில் உள்ள மாதாக்களைப் பாருங்கள். மடியில் குழந்தை இருப்பது அபூர்வம். கை நிறைய வாளும் சூலமும்தான். கோடியாரின் கதையிலும் பகுசராவின் கதையிலும் கல்யாணம், குழந்தை என்ற பேச்சே வருவதில்லை. ஆனாலும் ஊர் அவர்களை 'மா' என்றுதான் கூப்பிடுகிறது. ஒருத்தி தம்பிக்காக ஓடினாள், ஒருத்தி மானத்துக்காக மடிந்தாள், ஒருத்தி யாரும் தொடாத வேலையைத் தொட்டாள். பெற்றால்தான் தாய் என்று அந்த ஜனங்கள் கணக்குப் பார்க்கவில்லை. பிள்ளையில்லை என்று நாத்தனார் வாயில் அடிபடுகிற சகோதரிகள் எத்தனையோ பேர் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

இந்தத் துணிகளுக்கு இப்போது நல்ல காலமா என்றால், ஆம் என்றும் இல்லை என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1982-ல் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகரத்துக் கலைக்கூடம் ஒன்று, எபர்ஹார்ட் ஃபிஷர், ஜ்யோதீந்திர ஜெயின், ஹக்கு ஷா ஆகிய மூவர் எழுதிய பெரிய புத்தகத்தை இதைப் பற்றியே வெளியிட்டது. 2023-ல் பானுபாய் சுனிலால் சித்தாரா என்ற கலைஞருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே ஆண்டில் புவிசார் குறியீடும் வந்தது. காஞ்சிப் பட்டுக்கு இருக்கிறதே, அதே மாதிரிச் சட்டப் பாதுகாப்பு. புதிய நிறங்களும் வந்துவிட்டன. நீலமும் பச்சையும் மஞ்சளும் போட்டுப் புடவை, துப்பட்டா என்று எழுதுகிறார்கள்.

ஆனால் ஆறு? 2005-ல் வேலை தொடங்கி 2012-ல் திறக்கப்பட்ட சபர்மதி நதிக்கரைத் திட்டத்தில், இரண்டு பக்கமும் சிமெண்டுச் சுவரும் உலாவும் பாதையும் வந்துவிட்டன. மாலையில் காற்று வாங்க மிக நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஓடுகிற தண்ணீரில் துணியை அலச வேண்டியவர்கள் மட்டும் வேறு இடம் தேடிப் போக வேண்டியதாயிற்று. குடும்பங்களும் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் மிஞ்சியிருக்கின்றன.

போதாக்குறைக்கு ஸ்க்ரீன் அச்சில் போலித் துணிகள் வந்து குவிகின்றன. வாங்குகிறவர்கள் துணியைத் திருப்பிப் பாருங்கள். கையால் எழுதிக் காய்ச்சிய துணியில் கறுப்புக் கோடும் சிவப்பும் பின்பக்கமும் ஊறியிருக்கும். கோட்டின் கனம் இடத்துக்கு இடம் மாறும். அச்சடித்ததில் பூச்சு மேலோடு நிற்கும். ஒரே பூக்காரி நாற்பது இடத்தில் அச்சாக அப்படியே நிற்பாள். இன்னொன்று: அம்மன் உருவத்தைத் தலையணை உறையில் போட்டு விற்கிறார்களாம். அதன் மேல் சாய்ந்துகொண்டு தொடர்கதை படிப்பது எனக்குச் சம்மதமில்லை. பூக்காரியும் மரமும் மயிலும் போட்ட உறை கேட்டால் அதையும் எழுதித் தருகிறார்கள்.

ஆமதாபாத்துக்குப் போகிறவர்கள் 1949-ல் ஏற்பட்ட காலிகோ துணி மியூசியத்தை அவசியம் பாருங்கள். பழைய பச்சேடிகள் அங்கே இருக்கின்றன. முன்னதாகப் பதிவு செய்துகொண்டு போக வேண்டும். நவராத்திரி சமயமாக இருந்தால் இன்னும் விசேஷம். துளையிட்ட மண் பானைக்குள் விளக்கை வைத்து, அதைச் சுற்றிப் பெண்கள் ஆடுவார்கள். 'கர்பா' என்று பெயர். கர்ப்பம் என்ற சொல்தான் அது. பானை வயிறு, விளக்கு உயிர்.

இந்த வீடுகளில் வெகு காலமாக ஒரு வழக்கம் இருந்து வந்தது. கறுப்புக் கோட்டை ஆண்கள் போடுவார்கள். பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்து உள்ளே நிறத்தை நிரப்புவார்கள். அலசுவதிலும் காய்ச்சுவதிலும் பெண்களுக்குப் பங்கு உண்டு. அம்மனுடைய முகத்தை எழுதுவது மட்டும் அவர்கள் கைக்கு வராது. இப்போது அந்த வீட்டுப் பெண்களும் மருமகள்மாரும் மூங்கில் கலத்தைப் பிடித்து, முதல் கோட்டிலிருந்தே எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி எழுதிய மேல்டியை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆட்டுக்கடா எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். தீட்டு என்று ஒதுக்கியவர்களைத் திரும்பிப் பார்க்கிற அந்தக் கண்ணை அவள் எப்படி எழுதியிருப்பாள் என்று தெரிய வேண்டும்.